மலாய் தெரியாத மனைவி

மருத்துவமனையில் என் மாமனார் நினைவு திரும்பிப் பேசிய முதல் வார்த்தை "காக்". என் மாமியாரைப் பார்த்துத்தான் சொன்னார். அத்தை உடனே தலையைத் திருப்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்துவிட்டார். பின்னால் யாரும் இல்லை. பச்சைத் திரையும், அதற்குக் கீழே அடுத்த கட்டில்காரரின் செருப்பும்தான் இருந்தன. "காக், மிந்தா ஆயேர்" என்றார் மாமா மறுபடியும். பக்கவாதத்தில் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தாலும் வார்த்தை தெளிவாகவே வந்தது. அந்தப் பக்கமாகப் போன மலாய்த் தாதி நின்று, புரையேறாமல் இருக்கக் குவளைத் தண்ணீரில் ஏதோ மாவைக் கலந்து கொழகொழப்பாக்கி, கரண்டியால் ஊட்டினார். மாமா "தெரிமா காசே" என்று நன்றி சொன்னார். அத்தையின் மடியில் வெந்நீர்க் குடுவை இருந்தது. அவர் கேட்டது தண்ணீர்தான் என்று அத்தைக்கு அப்போதுதான் புரிந்தது. மூடியைத் திறக்கப் போனவர், திறக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அது என்னவென்றே விளங்கவில்லை. கல்யாணம் முடிந்து தஞ்சாவூரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து அதிக நாள் ஆகாத சமயம். கிளமெண்டியில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை. எனக்கு மலாயில் ரயில் நிலையத்து அறிவிப்பு மட்டுந்தான் தெரியும். மயக்கத்தில் ஏதோ உளறுகிறார், ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். என் கணவருக்குக் கொஞ்சம் மலாய் புரியும். அவர் அப்பாவின் முகத்துக்கு நேரே குனிந்து தமிழில் என்னென்னவோ கேட்டார். மாமா ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார், புரிந்ததுபோல் தலையும் ஆட்டினார். ஆனால் பதில் மலாயில் வந்தது. ஒரு கட்டத்தில் மகனைப் பார்த்து, நீ எந்த டிப்பார்ட்மெண்டில் வேலை பார்க்கிறாய் என்று அந்த மொழியில் மரியாதையாக விசாரித்தார். என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

மாமா ஜூரோங் பக்கத்தில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் இளவயதிலிருந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கேயே பிறந்தவர். தளத்தில் உடன் வேலை செய்தவர்களில் மலாய்க்காரர்களும் சீனர்களும் உண்டு. எல்லாரும் ஒருவரோடொருவர் பேசியது மலாயில். அது அவருடைய வேலையிடத்துப் பேச்சு. வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றும்போதே அதையும் கழற்றி வைத்துவிடுவார் என்று என் கணவர் சொல்வார். வீட்டில் முழுக்கத் தமிழ்தான், அதுவும் ஓயாத பேச்சு, எல்லாவற்றிலும் ஒரு கிண்டல். நான் வந்த புதிதில் வைத்த ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல கப்பலே விடலாம்மா. நின்னு போச்சுன்னா நானே ரிப்பேர் பண்ணித் தாரேன்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. ஊரை விட்டு வந்த பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அத்தை மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். இத்தனை வருடம் சிங்கப்பூரில் இருந்தும் அவருக்கு வேறு மொழி தேவைப்படவில்லை. பூன் லேயில் வீடு என்றாலும் காய்கறியும் மீனும் வாங்க பஸ்ஸும் ரயிலும் மாறித் தேக்கா மார்க்கெட்டுக்குத்தான் போவார். அங்கே தமிழில் பேரம் பேசலாம். கோயில், தொலைக்காட்சி, சீட்டுக் கட்டும் அக்கா எல்லாமே தமிழ். மற்ற இடங்களில் பேசுவதற்கு மாமா இருந்தார். மருத்துவர், வங்கி, பள்ளிக்கூடம், கீழ்வீட்டுக்காரரோடு தண்ணீர் ஒழுகுகிற தகராறு என்று எதற்குமே அத்தை வாய் திறக்க வேண்டியிருந்ததில்லை. பக்கத்தில் நின்று மாமாவின் முகத்தைப் பார்த்தே காரியம் நடந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்வார்.

அவர்கள் வாழ்க்கையில் இன்னொன்றும் இருந்தது. மாமா பல வருடங்கள் இரவு ஷிஃப்ட் பார்த்தவர். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புகிற வேளையில் வீட்டுக்கு வந்து, குளித்து, சோறு சாப்பிட்டுப் படுப்பார். அப்போது சின்ன வீடு. பகல் முழுவதும் அவர் தூக்கத்தைக் காப்பதுதான் அத்தையின் வேலை. சன்னல் இடுக்கில் துணி திணிப்பார். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்பே கரண்டியால் தூக்கி ஆவியை விடுவார். துணி உலர்த்தும் மூங்கில் கழியைச் சன்னலுக்கு வெளியே உள்ள குழாயில், கம்பியில் இடித்துவிடாமல் பூப்போல நுழைப்பார். கீழே பழைய சாமான் வாங்குகிறவர் ஹாரனை அமுக்கிக்கொண்டு வந்தால், மாடியிலிருந்து இறங்கி ஓடிப் போய், பேசத் தெரியாததால் இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டுவாராம். அந்தச் சீனக் கிழவருக்கு நாளடைவில் பழகிவிட்டது. அவர்கள் புளோக் கட்டடம் வந்தாலே ஹாரனை நிறுத்திவிடுவாராம். சத்தமில்லாமல் விளையாடத்தான் தான் முதலில் கற்றுக்கொண்டதாக என் கணவர் சொல்வார். சொல்லும்போதே குரல் தணிந்துவிடும்.

மாமாவை வீட்டுக்கு அழைத்து வந்தபோது வலது காலும் கையும் சரியாக இயங்கவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் தூக்கம். பகலெல்லாம் தூங்கினார், இராத்திரியெல்லாம் விழித்திருந்தார். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கட்டிலிலிருந்து இறங்கப் பார்ப்பார். யாரைக் கண்டாலும் "சுடா பாகி?" என்று, விடிந்துவிட்டதா என்று கேட்பார். பேச்சுப் பயிற்சி தர வந்த இளம் சீனப் பெண் எங்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மூளையில் அடிபட்டால் இரவும் பகலும் குழம்பிப்போவது உண்டு. பகலில் தூங்கவிடாதீர்கள், திரையைத் திறந்து வெளிச்சம் வரவிடுங்கள், உட்கார வையுங்கள், பேச்சுக் கொடுங்கள். விழித்திருந்தால்தான் காலுக்குப் பயிற்சி தர முடியும். எந்த மொழி வருகிறதோ அந்த மொழியிலேயே பேசுங்கள், மொழியைத் திருத்தாதீர்கள் என்றார். அத்தை என் கையைச் சுரண்டினார். "அவரு தமிழு எங்க போச்சுன்னு கேளு" என்றார். நான் ஆங்கிலத்தில் கேட்டேன். அது உள்ளே இருக்கிறது, எடுக்க வரவில்லை, எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்று அந்தப் பெண் சொன்னார். இதை நான் தமிழில் சொன்னபோது அத்தை என்னை நம்பவில்லை என்று தோன்றியது. பாதியை நான் விழுங்கிவிட்டேன் என்று நினைத்திருக்கலாம்.

என் கணவர்தான் இந்தோனேசியப் பணிப்பெண்ணை ஏற்பாடு செய்தார். மலாய் பேசுகிற ஆள் வீட்டில் இருந்தால் அப்பாவுக்கு நல்லது என்பது அவர் எண்ணம். ஜாவாவிலிருந்து வந்தவர், நாற்பது வயதிருக்கும், ஊரில் இரண்டு பிள்ளைகளை அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். வந்த அன்றே மாமாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். அவர் மொழி கொஞ்சம் வேறு, மாமாவுடையது சந்தைப் பேச்சு, ஆனாலும் புரிந்தது. மாமா சிரித்தார். அடிபட்ட பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. திரும்பினால் அத்தை அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் பாதி உரித்த பூண்டு. அவர் முகத்தில் இருந்ததற்கு என்ன பெயர் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

சில நாள் கழித்து அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க மாமா என்னைய காக்கா, காக்கான்னு கூப்புடுறாரும்மா. நான் கறுப்பா இருக்கேன்னா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பணிப்பெண்ணிடம் விசாரித்தேன். 'காக்கா' என்றால் அக்கா. அறிமுகமில்லாத பெண்களை மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள் என்று சொன்னார். அதைத்தான் சுருக்கிக் 'காக்' என்கிறார். நான் பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்தவள்போல ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. அத்தை முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, "காக்கான்னே இருந்திருக்கலாம்" என்றார்.

அப்புறம் நிலைமை மோசமாகத்தான் போனது. பகல் தூக்கம் நீளவே செய்தது. காலில் பலம் வரவில்லை, காலுக்குப் பயிற்சி தர வந்த சிகிச்சையாளர் ஒவ்வொரு முறையும் உதட்டைப் பிதுக்கினார். இரவெல்லாம் மாமாவோடு கண் விழித்துப் பணிப்பெண்ணின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. என் கணவர் வேலையிடத்தில் கூட்டத்தின் நடுவிலேயே தூங்கிப்போனார். ஒரு காலையில் அவர் தயங்கித் தயங்கி, "எல்லாரும் இப்படியே விழுந்துடப் போறோம்லா. அப்பாவுக்கு ஒரு முதியோர் ஹோம் பாக்கலாமா?" என்று கேட்டார். அத்தை கோப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். அது ஆறியே போயிற்று.

அந்த வாரத்தில் ஒரு நாள் எனக்கு உடம்பு சரியில்லாமல் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். வெளியே அப்படியொரு வெயில். கதவைத் திறந்தால் வீடு இருட்டாகக் கிடந்தது. எல்லாத் திரைகளையும் இழுத்து மூடி, சன்னல் இடுக்கில் துண்டைத் திணித்திருந்தார்கள். பணிப்பெண் இல்லை; தேக்காவுக்குக் கீரை வாங்க அனுப்பப்பட்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. மாமாவின் அறையை எட்டிப் பார்த்தேன். அவர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அத்தை கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தார். நான் அப்படியே நின்றேன். மாமா புரண்டு படுத்தார். பிறகு கண் திறக்காமலே, "வந்துட்டேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கொழம்பு சுண்டிருச்சா? பரவால்ல, அதையே ஊத்து" என்றார்.

தமிழ். எந்தக் குளறலும் இல்லாத, அதே பழைய குரல். அத்தை குனிந்து, காதோரமாக, "சுண்டல, சூடு பண்ணித் தாரேன்" என்று மெல்லச் சொன்னார். மாமாவிடமிருந்து அதற்கு மேல் வார்த்தை இல்லை. மூச்சு மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது.

அவர் தூக்கத்தில் தமிழ் பேசுவது அத்தைக்குப் பல வாரங்களாகத் தெரிந்திருந்தது. அதற்காகவே மதியத்தில் பணிப்பெண்ணை ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டுத் திரைகளை மூடியிருக்கிறார். நாங்கள் எல்லாரும் அவரை விழிக்க வைக்கப் பாடுபட, அத்தை அவரைத் தூங்க வைத்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அடுப்படியில் வைத்துக் கேட்டபோது அத்தை மறைக்கவும் இல்லை. "முழிச்சிருந்தா என்னைய யாரோன்னு பாக்குறாரும்மா. தூங்குறப்பதான் நம்ம வீட்டுக்கு வர்றாரு" என்றார். தூங்கவிட்டால் அவர் நடக்கமாட்டார். விழிக்க வைத்தால் அத்தைக்கு அவர் இல்லை. எந்தப் பக்கம் பேசினாலும் தவறாகத் தோன்றியது. கணவரிடம் சொல்லலாமா என்று இரண்டு நாள் குழம்பினேன். ஒருவேளை பல வருடப் பழக்கம்தான், பகலில் அவர் கண்ணை மூடினால் காவல் காக்க அத்தையின் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றும் நினைத்துப் பார்த்தேன். எது உண்மை என்று தெரியவில்லை. அத்தைக்கே தெரிந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

முடிச்சை அவிழ்த்தது பணிப்பெண்தான். ஒரு காலை நானும் அவரும் மாமாவைக் குளிப்பாட்டி உட்கார வைத்துக்கொண்டிருந்தோம். அத்தை இட்லித் தட்டோடு வந்தார். மாமா அவரைப் பார்த்ததும் வழக்கம்போல, "காக், பினி சாயா மானா?" என்றார். அத்தையும் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு தட்டை வைத்துவிட்டுத் திரும்பினார். பணிப்பெண் என்னிடம் தன் உடைந்த ஆங்கிலத்தில், பாவம் இவர், தினமும் இதையேதான் கேட்கிறார் என்றார். எதை என்றேன். என் மனைவி எங்கே என்று கேட்கிறார், என்னிடமும் கேட்கிறார், அம்மாவிடம்தான் அதிகம் கேட்கிறார் என்றார். மனைவி வீட்டில் காத்திருப்பாளாம், ஷிஃப்ட் நீண்டுவிட்டது என்று அவளுக்குச் சொல்லியனுப்ப வேண்டுமாம். அம்மாவுக்கு இது தெரியும் என்று நினைத்தேனே, தெரியாதா என்று அவர் திகைத்தார்.

நான் அத்தையின் பின்னாலேயே போய், நின்ற இடத்தில் நின்று சொன்னேன். அத்தை அடுப்படிச் சுவரில் சாய்ந்துகொண்டார். "என்கிட்டயா கேக்குறாரு? தெனமுமா?" என்றார். பிறகு, "நான் பாட்டுக்குத் தட்ட வச்சிட்டு வந்துடறேனே" என்றார். அழவில்லை. அடுப்பை அணைத்தார், கையைத் துடைத்தார், பணிப்பெண்ணைக் கூப்பிட்டார். 'நான்தான் உங்கள் பெண்டாட்டி' என்பதை மலாயில் எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவரிடம் என்னைக் கேட்கச் சொன்னார். "சாயாலா பினி அவாக்." அன்று முழுவதும் அரிசி களையும்போதும் துணி மடிக்கும்போதும் அத்தையின் வாய் அதையே முணுமுணுத்தது. சிக்கலான வாக்கியம் ஒன்றுமில்லை. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் நடுவில் நின்று போயிற்று.

மறுநாள் காலையில் திரைகளையெல்லாம் அத்தையே திறந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். மாமா கேட்கட்டும் என்று எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவர் கேட்டார். அத்தை நிமிர்ந்து, ஒவ்வொரு எழுத்தாக, நான்தான் உங்கள் மனைவி என்று மலாயில் சொன்னார். மாமா கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். பிறகு சிரித்தார், கேலியாக அல்ல, தவறாகப் புரிந்துகொண்டவருக்கு எடுத்துச் சொல்வதுபோல. "பினி சாயா தா தாவு சாக்காப் மலாயு" என்றார். பணிப்பெண் வாயைப் பொத்திக்கொண்டார். நான் விடாமல் கேட்ட பிறகே அர்த்தம் சொன்னார்: என் மனைவிக்கு மலாய் பேசத் தெரியாது.

தமிழில் சொன்னால் அவருக்கு எட்டவில்லை. மலாயில் சொன்னால் சொல்வதே எதிர்ச் சாட்சியாகிவிடுகிறது. அத்தை எழுந்து அடுப்படிக்குப் போனார். இனி மறுபடியும் திரைகளை மூடிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு குவளைக் கோப்பியோடு திரும்பி வந்து, மாமாவுக்கு எதிரே அதே நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, "சரி, காக்காவாவே இருந்துட்டுப் போறேன். அந்தக் காக்காவுக்காவது பேசத் தெரியணும்ல?" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீடு ஒரு விநோதமான பள்ளிக்கூடமாயிற்று. பணிப்பெண் வெங்காயத்தைத் தூக்கி "பாவாங்" என்பார், அத்தை "வெங்காயம்" என்பார். இருவரும் ஒருவர் மொழியை ஒருவர் கடித்துத் துப்பினார்கள். அத்தை தேக்காவில் பழகிய தமிழ்க் கடைகளைத் தாண்டிப் போய், மலாய்ப் பெண்மணி வைத்திருக்கும் கடையில் வேண்டுமென்றே கீரை வாங்கினார். மின்தூக்கியில் யாராவது மலாய்க்காரர் ஏறினால் போதும், சாப்பிட்டாயிற்றா, எங்கே போகிறீர்கள் என்று ஆரம்பித்துவிடுவார். எனக்குக் கூச்சமாக இருக்கும். அவர்கள் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்தது மாமாதான். பகலில் அவர் கண் சொக்கும்போதெல்லாம் தூங்காதீர்கள் என்று சொல்ல நினைத்து, ஜாங்கான் தீடோர் என்பதற்குப் பதில் ஜாங்கான் தெலோர், ஜாங்கான் தெலோர் என்று அத்தை அதட்டிக்கொண்டிருந்தார். தெலோர் என்றால் முட்டை. ஒரு பெரிய மனுஷி எதிரில் உட்கார்ந்து முட்டை வேண்டாம், முட்டை வேண்டாம் என்று கத்தினால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? மாமா கண்ணில் நீர் வரச் சிரித்தார். தவறு புரிந்த பிறகும் அத்தை சில நாள் அதையே சொன்னார்.

பகல் பகலாயிற்று. இரவில் மாமா தூங்க ஆரம்பித்தார், அவரோடு நாங்களும். நாலுகால் ஊன்றுகோலைப் பிடித்து வாசல் வரை நடந்தார், பிறகு நடைபாதையின் கோடி வரை. ஹோம் என்ற பேச்சு அதன் பிறகு எழவில்லை. ஆனால் தூக்கத்தில் வந்த தமிழும் நின்றுபோயிற்று. அல்லது இரவில் வந்திருக்கலாம், கேட்க யாரும் விழித்திருக்கவில்லை. ஒரு தடவை அத்தையிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "இப்பல்லாம் நல்லாத் தூங்குறாரு" என்று மட்டும் சொன்னார்.

அத்தையின் மலாய் வளர வளர, மாமா அந்தக் காக்காவிடம் நிறையப் பேசினார். பெரும்பாலும் தன் மனைவியைப் பற்றித்தான். அவளுக்கு மீனின் தலை பிடிக்கும், கேட்கமாட்டாள், தட்டில் நானே வைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்வாராம். அத்தை வெட்கத்தோடும் ஒருவித எரிச்சலோடும் அதை என்னிடம் மொழிபெயர்ப்பார். ஒரு நாள் சொன்னது இது: இரவு ஷிஃப்ட் நாட்களில் அவருக்குப் பகலில் தூக்கமே வராதாம். மனைவி சன்னலில் துணி திணிப்பதும், ஹாரன்காரரை நிறுத்தக் கீழே ஓடிவிட்டு மூச்சிரைக்க ஏறி வருவதும் கேட்டுக்கொண்டே இருக்குமாம். இவ்வளவு பாடுபடுகிறவளிடம் தூக்கம் வரவில்லை என்று எப்படிச் சொல்வது என்று கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பாராம். "அத்தன வருசமும் சும்மாவா படுத்துக் கெடந்தாரு?" என்று அத்தை என்னைக் கேட்டார். அந்தக் கேள்விக்குள் கோபம் இருந்ததா, பெருமை இருந்ததா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. அன்று சாயங்காலம் வரை அவர் மாமாவோடு பேசவில்லை. மாமாவுக்கோ காக்காவுக்கு ஏன் கோபம் என்று விளங்கவில்லை.

அவருக்கு நாங்கள் யாரென்று கடைசிவரை தெரிந்ததா என்பதும் எனக்குத் தெளிவில்லை. ஒரு தீபாவளிக்கு முன்பு அவரைச் சக்கர நாற்காலியில் சிராங்கூன் சாலைக்கு அழைத்துப் போனோம். கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே பூக்கடை ஒன்றின் முன்னால் வந்தபோது கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். கடைப் பெண்ணிடம், "மல்லி ரெண்டு மொழம்" என்றார். தமிழில்தான். பூவை வாங்கி அத்தையின் கையில் வைத்தார். அத்தை தமிழிலேயே, "யாருக்கு?" என்று கேட்டார். மாமா விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூடிக்கொள்வதா, யாருக்கோ பத்திரப்படுத்துவதா என்று தெரியாமல் அத்தை ரயிலில் வீடு வரை அதைக் கையிலேயே வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று சூடிக்கொண்டு அவர் எதிரே போய் நின்றார். மாமா வெகுநேரம் பார்த்தார். பிறகு மலாயில், சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார்.

இப்படியே சில வருடங்கள் நல்லபடியாக ஓடின. ஆங்காங்கே சூடு, போதும், வா என்று தமிழ்ச் சொற்கள் வந்தன, போயின. பிறகு ஒரு விடியற்காலை தூக்கத்திலேயே போய்விட்டார். அதற்குச் சில நாட்கள் முன்பு, காலை வெயில் விழும் சன்னலோரம் அவர் அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் மலாயில் பேசியதை நான் பார்த்தேன். என் காதுக்கு எட்டியது கொஞ்சம், அதில் புரிந்தது அதைவிடக் கொஞ்சம். அத்தை "யா, யா" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். பேசி முடித்ததும் மாமா பெரிய வேலை ஒன்றை ஒப்படைத்துவிட்டவர்போலச் சாய்ந்துகொண்டார். என்ன சொன்னார் என்று கேட்க எனக்கு ஆசை. காரியம் முடிந்தும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கேட்க நேரம் வாய்க்கவில்லை.

பணிப்பெண் ஊருக்குத் திரும்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கைப்பேசியில் முகம் காட்டிப் பேசுகிறார். அவர் மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது. அத்தை எங்கள் கூடத்துச் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு மலாயில் அவரோடு உரக்கச் சண்டை போடுகிறார், சிரிக்கிறார், மருமகனைப் பற்றி விசாரிக்கிறார். ஒரு காலத்தில் வங்கி வாசலில் மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அதே அத்தைதான். போன ஞாயிறு அழைப்பு முடிந்து அவர் கண்ணாடியைக் கழற்றியபோது, என்ன துணிச்சலோ, கேட்டுவிட்டேன். அன்றைக்குச் சன்னலோரம் மாமா உங்களிடம் அவ்வளவு நேரம் என்னதான் சொன்னார் என்று.

அத்தை கண்ணாடியை முந்தானையில் துடைத்தார். "அது எனக்குச் சொன்னது இல்லம்மா. பொண்டாட்டிகிட்ட சொல்லச் சொன்னாரு" என்றார்.

சொன்னீங்களா என்று கேட்டேன்.

"சொல்லாம இருப்பனா? அன்னைக்கே சொல்லிட்டேன்" என்றார் அத்தை.